ஒரு சொல்லைக் கொண்டு ஓர் அகராதியை எடைபோடுதல்: எட்டிமான்லைன் மதிப்புரை

ஆங்கிலச் சொல் ஒன்று எங்கிருந்து வந்தது, முதலில் என்ன பொருளில் வழங்கியது என்று இணையத்தில் தேடுவோர் பெரும்பாலும் முதலில் சென்று சேரும் இடம் ‘ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரி’. பயன்படுத்துவோர் இதைச் சுருக்கமாக எட்டிமான்லைன் என்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் என்ற வரலாற்று எழுத்தாளர் 2000-களின் தொடக்கத்தில் இதைத் தொகுக்கத் தொடங்கினார். ஒரு பல்கலைக்கழகமோ பெரிய பதிப்பகமோ செய்யவேண்டிய பணியை ஏறக்குறைய ஒரே மனிதர் தம் ஆர்வத்தின் பேரில் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்திருக்கிறார் என்பதே இந்தத் தளத்தின் மீது எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம். ஆனால் மதிப்பு வேறு, மதிப்பீடு வேறு. ஒரு சொற்பிறப்பு அகராதியின் தரத்தை அதன் முகப்பைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நெடுந்தூரம் பயணம் செய்த ஒரு சொல்லை எடுத்து, அதன் தடத்தை அந்த அகராதி எவ்வளவு நேர்மையாகவும் தெளிவாகவும் காட்டுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். அதற்காக நான் எடுத்துக்கொண்ட சொல் ‘ஸ்பாயில்’.

கெடுத்தல், பாழாக்குதல், கெட்டுப்போதல் என்று எவரும் தயங்காமல் பொருள் சொல்லிவிடக்கூடிய எளிய சொல் இது. பழம் கெடுவதற்கும், அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்துப் பிள்ளையைக் கெடுப்பதற்கும், தவறாகக் குறியிடப்பட்டு வாக்குச்சீட்டு செல்லாமற்போவதற்கும் ஆங்கிலம் இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறது. போரில் வென்றவர்கள் அள்ளிச்செல்லும் பொருளுக்கும், சுரங்கம் தோண்டும்போது வெளியே கொட்டப்படும் மண்ணுக்கும், திரைப்படத்தின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவதற்கும், விமான இறக்கையின் மேற்பரப்பில் எழும்பி நிற்கும் தட்டுக்கும் இதே சொல்லோ இதன் கிளையோதான் பெயர். கொள்ளைப் பொருளுக்கும் அழுகிய பழத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை தரமுடியாத சொற்பிறப்பு அகராதியால் பயன் குறைவு.

எட்டிமான்லைனில் இந்தச் சொல்லைத் தேடினால் வினைக்கும் பெயருக்கும் தனித்தனிப் பதிவுகள் வருகின்றன. வினைக்கான பதிவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு காலக்குறிப்பு: ஏறத்தாழ 1300. அதை அடுத்து அந்தக் காலத்தில் சொல்லுக்கிருந்த பொருள் வருகிறது. அங்கே கெடுத்தல் என்ற பேச்சே இல்லை. வன்முறையால் ஒருவரிடமிருந்து பொருளைப் பறித்தல், வீழ்ந்த பகைவனின் உடலிலிருந்து ஆயுதத்தையும் உடையையும் உரிதல், கொள்ளையிடுதல் என்பவைதான் தொடக்கப் பொருள்கள். பிறகு சொல் வந்த வழி காட்டப்படுகிறது. ‘எஸ்பாய்லியே’ என்ற பழைய பிரெஞ்சு வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுச் சொல், உரிதல், பறித்தல் என்று பொருள்படும் ‘ஸ்போலியாரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அந்த வினைக்கு அடிப்படையான ‘ஸ்போலியும்’ என்ற பெயர்ச்சொல் பகைவனிடம் பறித்த ஆயுதத்தையும், அதற்கும் முன்பு, கொன்ற விலங்கின் உடலிலிருந்து உரித்த தோலையும் குறித்தது. கடைசியில், பிளத்தல் அல்லது பெயர்த்தெடுத்தல் என்று பொருள் தரக்கூடிய ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் உடுக்குறி (*) இட்டுக் காட்டப்படுகிறது.

அந்த உடுக்குறி சிறிய புள்ளிதான் என்றாலும் அதைக் கவனிக்காமல் போகக்கூடாது. எழுத்து ஆவணம் எதிலும் காணப்படாத, உறவுடைய மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டமைத்த வடிவம் என்பதற்கான அடையாளம் அது. பழைய பிரெஞ்சுச் சொல்லும் இலத்தீன் சொல்லும் ஏடுகளில் இருப்பவை. வேர் அறிஞர்களின் கணிப்பு. இந்த வேறுபாட்டை மறந்து, வேர்ச்சொல்லையும் எங்கோ எழுதிவைக்கப்பட்ட சொல்லைப் போலவே எடுத்துக்கூறும் கட்டுரைகள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. தளம் அந்தக் கோட்டைத் தன்னளவில் ஒழுங்காகவே வரைந்து வைத்திருக்கிறது. அதைப் பார்க்கும் பொறுப்பு படிப்பவருடையது.

இனி இப்பதிவின் மிகச் சிறந்த பகுதி. பொருள் மாற்றங்கள் ஒவ்வொன்றும் காலக்குறிப்போடு அடுக்கப்பட்டிருக்கின்றன. பயன்படாதவாறு சேதப்படுத்துதல் என்ற பொருள் 1560-களில் தென்படுகிறது. பிள்ளையை அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்துக் கெடுத்தல் என்ற பொருள் 1640-களில் வருகிறது. தானாகவே கெட்டுப்போதல், புதுமை குன்றி அழுகுதல் என்ற பொருள், அதாவது இன்று நம் மனத்தில் முதலில் தோன்றும் பொருள், 1690-களில்தான் பதிவாகிறது. சண்டைக்குத் துடித்துக்கொண்டிருப்பவனைக் குறிக்கும் வழக்கு 1865-ஐச் சேர்ந்தது. சண்டை கிடைக்காவிட்டால் அவன் கெட்டுப்போய்விடுவான் என்ற எண்ணத்திலிருந்து பிறந்த வழக்கு அது. இந்த நான்கு குறிப்புகளை வரிசையாகப் படித்து முடிக்கும்போது, தோலுரித்தலில் தொடங்கிய சொல் அழுகலுக்கு வந்து சேர்ந்த பாதை தெளிவாகிவிடுகிறது.

ஆனால் ஏன் அப்படி மாறியது என்பதைத் தளம் விளக்குவதில்லை. காலத்தைச் சொல்லிவிட்டு நின்றுகொள்கிறது. என் வாசிப்பில் அந்த மாற்றம் இயல்பானதே. கொள்ளை என்ற செயலுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு: எடுத்தவன் கையில் சேர்ந்த பொருள் ஒன்று, எடுத்தபின் எஞ்சிக் கிடக்கும் ஊர் மற்றொன்று. சொல்லின் கவனம் முதலில் எடுத்தவன்மீது இருந்தது. பின்னர் மெல்ல மெல்ல எஞ்சிய பாழின்மீது சாய்ந்தது. கொள்ளையன் மறைந்து பாழ் மட்டும் நின்றுவிட்டபிறகு, எவரும் கைவைக்காமல் தானே கெடும் பொருளுக்கும் அந்தச் சொல் பொருந்திப்போனதில் வியப்பில்லை. பெயர்ச்சொல்லோ பழைய பக்கத்திலேயே தங்கிவிட்டது. பன்மையில் இன்றும் அது வென்றவனின் கொள்ளைப் பொருளைத்தான் குறிக்கிறது. தேர்தலில் வென்ற கட்சி அரசுப் பதவிகளைத் தன் ஆதரவாளர்களுக்குப் பங்கிடும் முறைக்கு அமெரிக்காவில் இப்பெயர் சூட்டப்பட்டதும் அதனால்தான். கொள்ளைப் பொருள் வென்றவனுக்கே உரியது என்ற கருத்தில் வில்லியம் மார்சி என்ற செனட்டர் 1832-இல் பேசிய பேச்சே அந்தப் பெயரைப் பரவலாக்கியது.

பதிவிலுள்ள காலக்குறிப்புகளால் ஒரு வாசகருக்கு நடைமுறையில் கிடைக்கும் நன்மை என்ன என்பதைக் காட்ட, 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியத்தைவிட நல்ல சான்று இல்லை. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தின் 36ஆம் வசனத்தில், எகிப்திலிருந்து புறப்படும் இஸ்ரவேலர் எகிப்தியரை ‘ஸ்பாயில்’ செய்தார்கள் என்று வருகிறது. இன்றைய ஆங்கிலத்தை மட்டும் அறிந்தவருக்கு இது விளங்காது. கெடுத்தார்களா, செல்லம் கொடுத்தார்களா என்று குழம்பி, உடனே அகராதியைத் தேடுவார். கொள்ளையிட்டார்கள் என்று அறிந்துகொள்வார். இந்த இடத்தில் ஆபத்து இல்லை, ஏனென்றால் குழப்பமே எச்சரிக்கையாக நின்றுவிடுகிறது.

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரம் 8ஆம் வசனம் அப்படிப்பட்டதன்று. தத்துவத்தினாலும் வீண் வஞ்சனையினாலும் எவனும் உங்களை ‘ஸ்பாயில்’ செய்யாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்கிறது அந்த மொழிபெயர்ப்பு. தத்துவம் மனிதனைக் கெடுத்துவிடும் என்று இன்றைய வாசகர் எந்தத் தயக்கமும் இல்லாமல் பொருள்கொண்டுவிடுவார். வாக்கியம் பொருந்துகிறது, கருத்தும் ஏற்புடையதாகத் தோன்றுகிறது, எனவே ஐயமே எழாது. ஆனால் அங்கே மூலத்திலுள்ள கிரேக்க வினை, ஒருவரைக் கொள்ளைப் பொருளாகப் பிடித்து இழுத்துச்செல்வதைக் குறிப்பது. உங்களைக் கெடுத்துவிடுவார்கள் என்பதற்கும் உங்களைச் சிறைப்பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று. பொருந்தாத பொருளைவிடப் பொருந்திவிடுகிற தவறான பொருளே வாசகரை அதிகம் ஏமாற்றுகிறது. பழைய நூல்களைப் படிப்போர், நன்கு தெரிந்த சொல்லையும் சொற்பிறப்பு அகராதியில் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. அதே மொழிபெயர்ப்பில் உன்னதப்பாட்டின் 2ஆம் அதிகாரத்தில் திராட்சைக் கொடிகளை ‘ஸ்பாயில்’ செய்யும் சிறு நரிகள் வருகின்றன. அங்கே பொருள் பாழாக்குதலேதான். 1560-களில் தோன்றிய புதிய பொருளும் 1300-இன் பழைய பொருளும் 1611-இல் ஒரே நூலுக்குள் அருகருகே வாழ்ந்திருக்கின்றன என்பதை எட்டிமான்லைனின் இரண்டு காலக்குறிப்புகள் புரியவைத்துவிடுகின்றன.

பிரம்பை ஒதுக்கிவைத்தால் பிள்ளை கெடும் என்ற ஆங்கிலப் பழமொழியையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அது விவிலிய வசனம் என்றே பலர் நம்புகிறார்கள். நீதிமொழிகளின் 13ஆம் அதிகாரத்தில் பிரம்பைக் கையாளாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்ற கருத்து உண்டு. ஆனால் 1611-இன் மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் ‘ஸ்பாயில்’ என்ற சொல் இல்லை. இன்று வழங்கும் சொல்வடிவம் சாமுவேல் பட்லர் 1660-களில் வெளியிட்ட ‘ஹூடிப்ராஸ்’ என்ற அங்கதக் கவிதையில் வருவது. பிள்ளையைக் கெடுத்தல் என்ற பொருளுக்கு எட்டிமான்லைன் தரும் 1640-கள் என்ற காலத்தோடு இது அழகாக ஒத்துப்போகிறது.

தளத்தின் குறைபாடு என்று நான் கருதுவதும் இங்கேதான் வெளிப்படுகிறது. மேலே நான் காட்டிய வசனங்களைப் போன்ற சான்று வரிகளைப் பெரும்பாலான பதிவுகளில் காணமுடியாது. பொருளும் காலமும் இருக்கும். அந்தக் காலத்தில் அந்தப் பொருளில் சொல்லை ஆண்டவர் யார், எந்த வரியில் ஆண்டார் என்பது இருக்காது. சான்று வரி இல்லாத காலக்குறிப்பை வாசகர் நம்பத்தான் முடியுமே தவிர, சரிபார்க்க முடியாது. சரிபார்க்க விரும்புவோர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குத்தான் போகவேண்டும். 1884-இல் முதற்பகுதி வெளியாகி 1928-இல் நிறைவுற்ற அந்தப் பேரகராதியின் முதற்பதிப்பிலேயே 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள் வரிகள் அச்சாயின. 1989-இன் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள் கொண்டது. 2000-இல் அது இணையத்துக்கு வந்தது. எட்டிமான்லைன் தன் ஆதாரங்களுள் ஒன்றாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. கடலிலிருந்து குடத்தில் மொண்டு தருவது போன்ற பணி அதனுடையது. தாகத்துக்குக் குடம் போதும். ஆழம் பார்க்கவேண்டியவருக்குப் போதாது.

காலக்குறிப்புகளைப் பற்றிய இன்னொரு எச்சரிக்கை. 1690-கள் என்று போட்டிருந்தால் அது அந்தப் பொருள் பிறந்த ஆண்டன்று. இன்று நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளுள் மிகப் பழைய சான்றின் காலம் மட்டுமே. பேச்சில் அது பல பத்தாண்டுகளுக்கு முன்பே வழங்கியிருக்கக்கூடும். தளமே இதைத் தன் விளக்கப் பகுதியில் சொல்கிறது. ஆனால் நேராகத் தேடற்பெட்டிக்குச் செல்பவர்கள் அந்தப் பகுதியைத் திறப்பதேயில்லை.

கெடுத்தலைக் குறிக்கும் வேறு சில சொற்களையும் தேடிப் பார்த்தபோது, இந்தத் தளத்தின் மீது என் நம்பிக்கை கூடியது ‘சபோட்டாஜ்’ என்ற பதிவில்தான். வேலைநிறுத்தம் செய்த பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ‘சபோ’ எனப்படும் தம் மரக்காலணிகளைக் கழற்றி எந்திரங்களுக்குள் எறிந்து அவற்றை நிறுத்தினார்கள், அதனால் திட்டமிட்டுப் பாழாக்கும் செயலுக்கு இப்பெயர் வந்தது என்ற கதை எங்கும் சொல்லப்படுகிறது. கேட்டவுடன் மனத்தில் பதியும் கதை. ஒருவர் சொல்ல மற்றொருவர் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் கதை. எட்டிமான்லைன் அந்தக் கதையை எடுத்துச் சொல்லிவிட்டு, சொற்பிறப்பு அதற்குத் துணைநிற்கவில்லை என்று நேராகவே எழுதுகிறது. ‘சபோ’ என்பது மரக்காலணி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதிலிருந்து வந்த பிரெஞ்சு வினை, மரக்காலணியோடு ஓசையெழ நடத்தல் என்ற பொருளிலிருந்து, வேலையை அரைகுறையாகவும் திருத்தமின்றியும் செய்தல் என்ற பொருளுக்கு நகர்ந்தது. இசையை மோசமாக வாசிப்பதற்குக்கூட அந்த வினையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பின்னர் தொழிற்சங்கப் போராட்டத்தில், வேண்டுமென்றே வேலையை மோசமாகச் செய்வது ஒரு வழிமுறையாக முன்வைக்கப்பட்டது. 1897-இல் துலூஸ் நகரில் நடந்த பிரெஞ்சுத் தொழிற்சங்க மாநாட்டில் எமில் பூஜே அந்த வழிமுறைக்காக வாதாடினார். ஆங்கிலத்துக்குள் அச்சொல் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நுழைந்தது. எறியப்பட்ட காலணி எதுவும் இந்த வரலாற்றில் தேவைப்படவில்லை.

வாசகர் விரும்பும் கதையை மறுக்கும் துணிவு ஒரு சொற்பிறப்பு அகராதிக்குக் கட்டாயம் வேண்டும். அதற்கு அடுத்தபடியாக வேண்டியது, விடை கிடைக்காதபோது கிடைக்கவில்லை என்று எழுதும் நேர்மை. ‘பாட்ச்’ (botch) என்ற வினையைப் பாருங்கள். திறமையின்றிச் செய்து காரியத்தைக் கெடுப்பது என்பது அதன் இன்றைய பொருள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது பழுதுபார்த்தல் என்றே பொருள்பட்டது. 1520-களில்தான் கெடுத்தல் என்ற பக்கத்துக்குத் திரும்பியது. சீர்செய்யப் போனவர்களே மேலும் கெடுத்துவைத்ததன் விளைவு இந்தத் திருப்பம் என்று எண்ணத் தோன்றும். அதன் மூலம் எது என்ற கேள்விக்கு, பிறப்பு அறியப்படவில்லை என்ற குறிப்பே விடை. இட்டுக்கட்டிய மூலம் எதுவும் அங்கே இல்லை.

கூமுட்டையைக் குறிக்கும் ‘ஆடில்’ (addle) என்ற சொல்லின் வரலாறு மிக நுட்பமானது. அழுகிய நீர், சிறுநீர் என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து அது வந்தது. குஞ்சு பொரிக்காத முட்டையைக் கிரேக்கர்கள் காற்று முட்டை என்றார்கள். இலத்தீனில் அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுச் சிறுநீர் முட்டை என்று பெயர்க்கப்பட, அந்தப் பிழையே ஆங்கிலத்திலும் வழங்கலாயிற்று. ஒரு மொழிபெயர்ப்புப் பிழை இரண்டு மொழிகளைக் கடந்து வந்த இந்தக் கதையை எட்டிமான்லைன் சில வரிகளுக்குள் சொல்லி முடித்துவிடுகிறது. இத்தகைய பதிவுகளில் ஹார்ப்பரின் எழுத்தாற்றலும் தெரிகிறது.

சொற்களுக்குத்தான் இந்தத் தளம். பழமொழிகளுக்கும் மரபுத்தொடர்களுக்கும் இதை முழுமையாக நம்பமுடியாது. அரைக்காசுத் தாருக்காகக் கப்பலைப் பாழாக்காதே என்ற பொருளில் ஓர் ஆங்கிலப் பழமொழி உண்டு. அங்கே வரும் கப்பல் உண்மையில் ஆடு. ஆட்டின் புண்களில் ஈ மொய்க்காதிருக்கத் தார் பூசுவது அந்நாட்டு வழக்கம். ஆட்டைக் குறிக்கும் சொல் சில வட்டாரங்களில் கப்பலைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலித்ததால் பழமொழி திரிந்தது. இதைப் போன்றவற்றுக்குப் பழமொழி அகராதிகளையே நாடவேண்டும்.

கிளைச்சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘ஸ்பாயிலர்’ என்பது 16ஆம் நூற்றாண்டில் கொள்ளையனைக் குறித்தது. விமானத்தின் இறக்கையில் தூக்கு விசையைக் குறைப்பதற்காக எழும்பும் தட்டுக்கு அப்பெயர் 1920-களில் வந்தது. அது விசையைக் கெடுப்பதால் அப்பெயர். கதையின் முடிவை வெளிப்படுத்துவதற்கு அமெரிக்க நகைச்சுவை இதழான ‘நேஷனல் லாம்பூன்’ 1971 ஏப்ரலில் அச்சொல்லைத் தலைப்பாகவே பயன்படுத்தியிருக்கிறது. சட்டத்துறையில் சான்றுகளை அழிப்பதற்கு வழங்கும் ‘ஸ்போலியேஷன்’, பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்துப் புதிய கட்டடங்களில் பதித்த கற்களைக் குறிக்கும் கலைவரலாற்றுச் சொல்லான ‘ஸ்போலியா’ ஆகியவை இலத்தீன் வடிவத்தை விடாமல் வைத்திருக்கின்றன. 315-இல் ரோமில் எழுப்பப்பட்ட கான்ஸ்டன்டைன் வளைவில் டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அவுரேலியஸ் ஆகியோர் காலத்துச் சிற்பங்கள் அப்படிப் பதிக்கப்பட்டவை. எட்டிமான்லைனில் ஒரு பதிவிலிருந்து உறவுடைய மற்றொரு பதிவுக்குத் தாவும் இணைப்புகள் நன்றாகவே அமைந்துள்ளன. ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களைத் திரட்டித் தரும் வேர்ப் பதிவுகள் அதன் தனிச்சிறப்பு.

மெரியம்-வெப்ஸ்டரின் இலவச அகராதியும் சொற்பிறப்பும் முதற்சான்றுக் காலமும் தருகிறது. பொருள்களைத் தோன்றிய வரிசையில் அடுக்குவது அவ்வகராதியின் நீண்டகால வழக்கம் என்பதால், ‘ஸ்பாயில்’ பதிவில் வழக்கொழிந்த பொருளே முதலிடத்தில் நிற்கிறது. காரணம் தெரியாதவர் அதையே முதன்மைப் பொருள் என்று எண்ணிவிடலாம். சொல்லின் இன்றைய பயன்பாட்டுக்கு அது மேலானது, வரலாற்றுக்கு எட்டிமான்லைன் மேலானது.

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பழைய ஆங்கில நூல்களைப் படிப்போருக்கும் எட்டிமான்லைனைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கட்டணமின்றிப் படிக்கலாம், பதிவுகள் சுருக்கமாக இருக்கின்றன, மொழி தெளிவாக இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டவேண்டியவர்கள் மட்டும் அங்கே கிடைத்த காலக்குறிப்பை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் சான்று வரியோடு ஒப்பிட்டபின் எழுதவேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் இணையப் பதிப்பை முழுமையாகப் பயன்படுத்தச் சந்தா தேவை. ஆனால் பல பல்கலைக்கழக நூலகங்களும், சில நாடுகளில் பொது நூலகங்களும் தம் உறுப்பினர்களுக்காக அதற்குச் சந்தா கட்டி வைத்திருக்கின்றன. தனியாகப் பணம் செலுத்துவதற்கு முன் நீங்கள் உறுப்பினராக இருக்கும் நூலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.